தட்டில் ஜெயிக்கும் வெள்ளி சிறுநீர்ப்பையில் தடுமாறுவது ஏன்?

சித்தப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு, சிறுநீரை வடிக்கும் டியூபான கதீட்டர் நிரந்தரமாகிவிட்டது. டியூப் அடைத்துக்கொள்வது, காய்ச்சல், ஆன்டிபயாடிக், மறுபடி புது டியூப் என்று போய்க்கொண்டிருக்கிறது. சமீபத்தில் அவர் மகன் போனில் கேட்டான்: "அக்கா, வெள்ளி நானோ கோட்டிங் போட்ட கதீட்டர் இருக்காமே, கிருமியே ஒட்டாதாம். விலை ஜாஸ்தின்னாலும் பரவாயில்ல, அப்பாவுக்கு அதையே போட்டுடலாமா?"

நான் மருத்துவமனை மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்ப்பவள். அதற்கு முன்னால் கல்லூரி ஆய்வகத்தில் வெள்ளி நானோ துகள் தயாரித்து, அதைப் பாக்டீரியாவோடு கலந்து பார்த்தவள். இரண்டு பக்கமும் தெரிந்திருப்பதால் அவனுக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவனைப் போல இந்தக் கேள்வியோடு இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

டியூபில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் ரத்தத்திலோ சிறுநீரிலோ மிதக்கும் பாக்டீரியாவும் ஒரே இனமாக இருக்கலாம். ஆனால் நடத்தை வேறு. சிலிக்கோனோ லேட்டக்ஸோ, உடம்புக்குள் போன சில நிமிடங்களிலேயே அதன் மேல் புரதங்கள் படிந்துவிடுகின்றன. ரத்தக்குழாயில் என்றால் ஃபைப்ரினோஜன் மாதிரியானவை, சிறுநீரில் என்றால் சிறுநீரகமே சுரக்கும் யூரோமாடுலின். பாக்டீரியா வந்து உட்காருவது பெரும்பாலும் இந்தப் புரதப் படிவின் மேல்தான். முதலில் லேசாகப் பிடிக்கும், விடும். சில மணி நேரத்தில் பிடி இறுகும். அப்புறம் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ எல்லாம் சேர்ந்த கொழகொழப்பான ஒரு போர்வைக்குள் கூட்டமாகக் குடியேறிவிடும். இதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம்.

போர்வைக்கு அடியில் இருப்பவற்றில் பல, போதிய உணவும் ஆக்ஸிஜனும் கிடைக்காமல் பெருகுவதை நிறுத்திக்கொண்டு உயிரை மட்டும் வைத்திருக்கும். ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் நன்றாகக் கொல்லும். மிதக்கும் பாக்டீரியாவுக்குப் போதுமான அளவைப் போல 100 மடங்கு, சில சமயம் 1000 மடங்கு மருந்து கொடுத்தாலும் பயோஃபிலிமுக்குள் சில தப்பித்துவிடுகின்றன. 1982-இல் மேரி, நெல்லிகன், காஸ்டர்டன் மூவரும் ஒரு நோயாளியின் பேஸ்மேக்கர் கம்பியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு முக்கியமான இடம். மருந்து கொடுத்தும் ரத்தத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்த நோயாளி அவர். கம்பியை எடுத்துப் பார்த்தால், தடித்த படலத்துக்குள் பாக்டீரியா கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் லேப் ரிப்போர்ட்டில் 'சென்சிட்டிவ்', அதாவது கிருமி இதற்குக் கட்டுப்படும் என்று போட்ட மருந்தையே கொடுத்தும் காய்ச்சல் ஏன் திரும்புகிறது என்று வீட்டுக்காரர்கள் கேட்பது நியாயம்தான். நாங்கள் அந்தச் சோதனையைச் செய்வது மிதக்கும் பாக்டீரியாவை வைத்து. டியூபின் மேல் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அந்த ரிப்போர்ட் பார்ப்பதே இல்லை. ஆகவே, ஒட்டின பிறகு கொல்லப் பாடுபடுவதைவிட ஒட்டவே விடாமல் செய்வது நல்லது என்ற யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. வெள்ளி உள்ளே வருவது இங்கேதான்.

வெள்ளி மருத்துவத்துக்குப் புதிதில்லை. ஜெர்மனியின் லைப்சிக்கில் கார்ல் கிரெடே 1880-களின் தொடக்கத்திலேயே பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, பிரசவத்தின்போது தொற்றும் கண்நோயைப் பெருமளவு தடுத்துக் காட்டினார். நானோ என்பது சேர்த்தது பரப்பை. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டி ஒன்று, எடை பத்தரை கிராம் இருக்கும். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும், அதாவது இரண்டே முக்கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை பரப்பிலிருந்தும் வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய வெள்ளி அணு, கசியும். அந்த அயனிதான் பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மூச்சையும் சவ்வையும் கெடுக்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெத்ரோ ஆல்வரெஸ் குழு 2012-இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வெள்ளித் துகளிலிருந்து அயனி வெளியே வராது. அப்படிப்பட்ட சூழலில் அந்தத் துகள்களை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவோடு விட்டபோது அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆக, துகள் என்பது கிடங்கு. கொல்வது அயனி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாத் தகராறுக்கும் இதுவே காரணம்.

நம்மூர்க் கல்லூரிகளில் இந்தத் துகள் தயாரிப்பது பரவலான வேலை. 2004-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலைச் சாற்றைக் கொண்டே வெள்ளி, தங்க நானோ துகள்கள் செய்து வெளியிட்டது. அப்புறம் துளசி, கற்பூரவல்லி, நொச்சி என்று மாணவர்கள் தொடாத இலை கிடையாது. வேப்பிலையைக் கழுவி, கொதிக்கவைத்து, வடிகட்டி, 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இருப்பது மெல்ல மெல்லத் தேன் நிறமாகி, கடைசியில் கஷாயம் மாதிரி கறுத்துப் பழுப்பாகும். எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்தால் 420 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். துகள் வந்துவிட்டது என்று அர்த்தம். விலை உயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரியிலும் ஒரு மாணவி தன் கையால் நானோ துகள் செய்துவிட முடிகிறது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

அடுத்தது பயோஃபிலிம் சோதனை. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் பாக்டீரியாவையும் ஊட்டக் கரைசலையும் போட்டு, சில குழிகளில் மட்டும் நானோ துகளைச் சேர்த்து, 24 மணி நேரம் 37 டிகிரியில் வைப்போம். பிறகு கொட்டிக் கழுவிவிட்டு கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றிக் கழுவினால், பாக்டீரியா ஒட்டிய குழிகளில் மட்டும் சுவரோரமாக ஓர் ஊதா வளையம் நிற்கும். வெள்ளி போட்ட குழிகள் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதைப் பார்க்கும்போது மனசு துள்ளத்தான் செய்யும். '90 சதவீதம் தடுத்தது' என்று கட்டுரையில் எழுதுவதும் பொய்யில்லை, அந்தத் தட்டில் அது தடுத்தது உண்மை.

ஆனால் அந்தத் தட்டில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். யூரோமாடுலின் இல்லை. சிறுநீரில் ஏராளமாக இருக்கும் குளோரைடோ, யூரியாவோ அந்த அளவில் இல்லை. நாளெல்லாம் சொட்டுச் சொட்டாக ஓடும் ஓட்டம் இல்லை. முக்கியமாக, இரண்டாம் நாள் இல்லை. வெள்ளி அயனி குளோரைடைக் கண்டால் கரையாத சில்வர் குளோரைடாகப் படிந்துவிடும். ஆல்புமின் போன்ற புரதத்தைக் கண்டால் அதைப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவைத் தேடிப் போக வேண்டிய அயனியில் பெரும்பங்கு வழியிலேயே செலவாகிவிடுகிறது. தப்பித்து வந்து முதல் வரிசைப் பாக்டீரியாவைக் கொன்றாலும், செத்த உடல்கள் அங்கேயே படிந்துகிடக்கும். அடுத்து வருவது அந்தப் பிணங்களின் மேல் உட்காரும், வெள்ளியைத் தொடாமலே.

நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. அவற்றில் பூசியிருந்தது எல்லாமே நானோ துகள் என்று சொல்ல முடியாது, வெள்ளிக் கலவைகள். ஆனால் வேலை செய்வது அதே அயனிதான். பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில், குறுகிய காலத்துக்குக் கதீட்டர் போட்ட 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. சாதாரணக் கதீட்டர் போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்துக்குள் அறிகுறிகளோடு கூடிய சிறுநீர்த் தொற்று வந்தது. வெள்ளிக் கலவை பூசிய கதீட்டரில் 12.5 சதவீதம். வித்தியாசமே இல்லை. நைட்ரோஃபியூரசோன் என்ற மருந்து ஏற்றிய கதீட்டரில் 10.6, அதுவும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் அளவு இல்லை, போட்டிருக்கும்போது எரிச்சலும் அதிகம்.

வென்டிலேட்டர் டியூபில் கதை கொஞ்சம் மாறுகிறது. 2008-இல் வட அமெரிக்காவின் 54 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் டியூப் இருந்தவர்களில், வெள்ளி பூசிய டியூபால் வென்டிலேட்டர் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. அது நிஜமான பலன். ஆனால் இறப்பு குறையவில்லை. இடம் மாறினால், திரவம் மாறினால், நாள் கணக்கு மாறினால் அதே வெள்ளி வேறு விதமாக நடக்கிறது என்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும்.

வெள்ளி சும்மா இருந்தால் நஷ்டம் பணம் மட்டும்தான். சும்மா இல்லாமல் போனதும் உண்டு. செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் 1990-களின் இறுதியில் சில்சோன் என்ற செயற்கை இதய வால்வைக் கொண்டுவந்தது. வால்வை இதயத்தோடு சேர்த்துத் தைக்கும் துணி வளையத்தில் வெள்ளி பூசியிருந்தார்கள், வால்வில் தொற்று வராமல் இருக்க. நல்ல எண்ணம்தான். ஆனால் பெரிய ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, வெள்ளி வால்வு போட்டவர்களுக்கு வளையத்தைச் சுற்றி ரத்தம் கசிவது அதிகமாக இருப்பது தெரிந்தது. 2000 ஜனவரியில் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அந்தத் துணிக்குள் உடம்பின் திசு வளர்ந்து ஏறி இறுகப் பிடித்தால்தான் வால்வு நிற்கும். பாக்டீரியாவுக்கு ஆகாத இடம் நம் செல்லுக்கும் ஆகாமல் போயிருக்கலாம் என்பதே பலரும் சொல்லும் விளக்கம். அப்போது ஏற்கெனவே உடம்புக்குள் தைத்தாகிவிட்டவர்களின் நிலைமையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 'கோட்டிங் போட்டால் கெடுதல் என்ன வந்துவிடும்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் நான் இந்த வால்வைத்தான் சொல்கிறேன்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய டியூபை அடைப்பது புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா. பிளட் அகார் (பாக்டீரியா வளர்க்க ரத்தம் கலந்து செய்யும் கூழ்) தட்டில் வைத்தால் இது ஓரிடத்தில் கிடக்காது. இரவெல்லாம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, காலையில் தட்டு முழுக்க அலை அலையாக வட்டங்கள் தெரியும். மூடியைத் தூக்கினால் மீன் நாற்றம். இதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீர் காரத்தன்மை அடைந்ததும், அதில் கரைந்திருந்த மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாகி பயோஃபிலிமுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடைத்துப்போன டியூபை மாற்ற வந்த சிஸ்டர் அதன் நுனியைக் கத்தரித்துக் காட்டினார். உள்வட்டம் முழுக்க வெள்ளையாகக் காரை பிடித்து, நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கையுறை விரலால் தேய்த்தால் நறநறவென்று மணல். நீண்ட நாள் கதீட்டரோடு இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த அடைப்பு வருகிறது. அடைத்த சிறுநீர் சிறுநீரகம் வரை ஏறினால் ரத்தத்தில் விஷம் கலந்த நிலைக்கே போய்விடும்.

இந்த அடைப்பை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஸ்டிக்லர். அவர் குழு கண்ணாடியில் ஒரு சிறுநீர்ப்பை செய்தது. சுற்றிலும் 37 டிகிரி வெந்நீர் ஓடும் கண்ணாடிக் குடுவை, அதற்குள் நிஜக் கதீட்டர், அது நழுவாமல் பிடித்துக்கொள்ளும் பலூனும் ஊதியிருக்கும். மேலிருந்து செயற்கைச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். புரோட்டியஸைப் போட்டுவிட்டு, எத்தனை மணி நேரத்தில் அடைக்கிறது என்று பார்ப்பார்கள். 1997-இல் அப்போது விற்ற பல வகைக் கதீட்டர்களை இப்படிச் சோதித்தார்கள். எதுவும் தாக்குப்பிடிக்கவில்லை. வெள்ளியும் ஹைட்ரோஜெல்லும் பூசிய லேட்டக்ஸ் கதீட்டர்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம், சராசரி 18 மணி நேரத்துக்குள் அடைத்தது. பூச்சே இல்லாத முழு சிலிக்கோன் கதீட்டர் 47 மணி நேரம் தாங்கியது. காரணம் சாதாரணமானது. வெளிச்சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் முழு சிலிக்கோன் டியூபின் உள்வழி அகலம், அடைக்க நேரமாகும். வெள்ளியின் மேல் காரை ஒரு தடவை படிந்துவிட்டால், அதற்கு மேல் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கீழே வெள்ளி இருப்பதே தெரியப்போவதில்லை.

ஆகவே தம்பியிடம் சொன்னேன்: அந்தப் பணத்தை வெள்ளியில் போடாதே. டாக்டரிடம் முழு சிலிக்கோன் டியூப் பற்றிக் கேள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம், எலுமிச்சை மாதிரி சிட்ரேட் உள்ள பானம் அப்பாவுக்கு ஒத்துவருமா என்று கேள். சிட்ரேட் உள்ள பானத்தால் சிறுநீரில் படிகம் உண்டாவது தள்ளிப்போகிறது என்று ஸ்டிக்லர் குழுவே காட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், நிரந்தர டியூப் தேவைதானா என்றே கேள். ஜாக் லேப்பிடஸ் என்ற அமெரிக்க யூராலஜிஸ்ட் 1972-இலேயே, நாளைக்குச் சில தடவை சுத்தமான டியூபைப் போட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையை எழுதிவிட்டார். கை வேலை செய்கிறவர்களால் தாங்களே செய்துகொள்ள முடியும். பாக்டீரியா குடியேற அங்கே டியூபே இருக்காது.

ரத்தக்குழாய் டியூப்களிலும் இதுதான் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு ஐந்து விஷயங்களை மட்டும் கறாராகச் செய்யவைத்தது: கை கழுவுவது, டியூப் போடும்போது நோயாளியை முழுக்கக் கிருமியற்ற துணியால் போர்த்துவது, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, தொடையிடுக்கைத் தவிர்ப்பது, தேவையில்லாத டியூபை எடுத்துவிடுவது. 1000 டியூப் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் டியூப் இருந்தால் அது ஒரு டியூப் நாள்) சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4-க்கு இறங்கியது. 2006-இல் வந்த முடிவு இது. எந்தப் பூச்சையும் நம்பி நடந்த வேலை இல்லை.

இப்படிச் சொல்வதால் நானோ துகள் வேலையே வீண் என்று நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுக்கவே முடியாத டியூபோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஆராய்ச்சி வேண்டும், அவர்களை மனதில் வைத்துச் செய்த ஆராய்ச்சியாக வேண்டும். இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் ஏஹுத் பானின், அஹரோன் கெடான்கென் போன்றவர்கள் செய்வதை நான் ஆர்வமாகப் படிக்கிறேன். வெள்ளியை விட்டுவிட்டு மெக்னீசியம் ஃபுளோரைடு, துத்தநாகம் கலந்த காப்பர் ஆக்சைடு என்று போகிறார்கள். அல்ட்ராசவுண்ட் அதிர்வால் திரவத்தில் குமிழிகளை வெடிக்கவைத்து, அந்த வேகத்தில் துகள்களைக் கதீட்டரின் உள்ளும் புறமும் அடித்துப் பதிக்கும் முறை. தட்டோடு நிற்காமல் முயல்களுக்குக் கதீட்டர் போட்டுப் பார்த்தார்கள். 2017-இல் வந்த கட்டுரையில் தொற்று தள்ளிப்போனது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 'ஒழிந்தது' என்று எழுதவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைவான அளவில் கசியும் வெள்ளி, பாக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி ஆகிவிடும். 1975-இலேயே பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வெள்ளிக்கு அசையாத சால்மோனெல்லா வந்தது. பிற்பாடு அதன் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில், வெள்ளியை வெளியே தள்ளும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். நானோ துகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது ஈ.கோலை. செக் நாட்டின் ஒலோமோட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள்: குறைவான அளவில் திரும்பத் திரும்பத் துகளைக் கொடுத்தால், அது ஃபிளாஜெலின் என்ற தன் நீந்தும் வாலின் புரதத்தை அதிகம் சுரந்து, துகள்களை ஒன்றோடொன்று திரளவைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அந்த ஃபிளாஜெலின் சுரப்பை அவர்களால் அடக்க முடிந்தது மாதுளைத் தோல் சாற்றைக் கொண்டு. நம்மூர் மாணவர்கள் கையில் அரைத்துக்கொண்டிருக்கும் இலைகளையும் தோல்களையும் இந்தக் கேள்வியோடு பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

அண்மையில் பக்கத்துக் கல்லூரியிலிருந்து எம்எஸ்சி மாணவி ஒருத்தி வந்தாள். "மேடம், புராஜெக்ட்டுக்குப் புரோட்டியஸ் ஒண்ணு வேணும். வேப்பிலை சில்வர் வச்சு ஆன்டி-பயோஃபிலிம் பண்றேன்." 96 குழித் தட்டா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எதில் வளர்க்கப் போகிறாய் என்றதற்கு நியூட்ரியன்ட் பிராத் என்றாள்.

உட்காரவைத்துப் பேசினேன். பிராத்துக்குப் பதில் செயற்கைச் சிறுநீர் தயாரிக்கச் சொன்னேன். யூரியா, உப்புகள், கொஞ்சம் ஜெலட்டின், எல்லாம் அவள் லேபில் இருப்பவைதான். துகளைக் கரைசலில் போடாமல், நிஜ சிலிக்கோன் கதீட்டரை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி அதன் மேல் பூசச் சொன்னேன். பூசிய துண்டை முதலில் ஒருநாள் செயற்கைச் சிறுநீரில் ஊறவிட்டு, அதற்கப்புறம் பாக்டீரியாவைப் போட வேண்டும். தினமும் திரவத்தை மாற்றி, பிஹெச் (காரத்தன்மை ஏற ஏற இந்த எண்ணும் ஏறும்) பார்த்து, ஏழு நாள் விட வேண்டும். கடைசியில் ஊதா வளையத்தை மட்டும் பார்க்காமல் துண்டில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்றும் அளக்கச் சொன்னேன். "ஏழு நாள்ல ரிசல்ட் ஜீரோ வந்துடுச்சுன்னா கைடு ஒத்துக்குவாரா மேடம்?" என்று கேட்டாள். ஜீரோ வந்தால் அதையும் அப்படியே எழுது, நானே உன் கைடிடம் பேசுகிறேன் என்றேன். ஒரு ஸ்லான்ட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் சாய்வாக உறைந்த சோதனைக் குழாய்) புரோட்டியஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நாலாம் நாள் பிஹெச் எட்டைத் தாண்டிவிட்டது என்று நேற்று மெசேஜ் அனுப்பினாள், பூசிய துண்டிலும் பூசாத துண்டிலும்.